ரோமிலிருந்து புறப்பட்ட மர ஆடுகள்

உள்ளங்கையில் அடங்கிவிடும் ஆடு அது. மெல்லிய பலகையில் அறுத்து, ஓரங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளை பூசி, நிற்பதற்காக அடியில் ஒரு சின்னக் கட்டை ஒட்டியது. பக்கவாட்டில் பார்த்தால் ஆடு, நேருக்கு நேர் பார்த்தால் வெறும் கோடு. கூடவே அதே மாதிரி இன்னும் சில ஆடுகள், அதே பலகையில் அறுத்த ஒரு மேய்ப்பர், வட்டப் பலகை ஒன்று, அதைச் சுற்றி வேலி, வேலியில் திறந்து மூடுகிற ஒரு வாசல். மொத்தச் சொத்தும் இவ்வளவுதான். மூன்று வயதுப் பிள்ளைகூட இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

யோவான் நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் வரும் நல்ல மேய்ப்பர் உவமையைச் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லச் செய்த பொருள் இது. ரோமில் ஒரு வீட்டில் பிறந்து, அட்லாண்டிக்கைக் கடந்து, கத்தோலிக்கக் கோயிலிலிருந்து சீர்திருத்தத் திருச்சபைகளுக்குப் போய், வகுப்பறையிலிருந்து மருத்துவமனைக்கும் போயிருக்கிறது. போன இடமெல்லாம் கொஞ்சம் உருமாறியது. ஆட்டின் எண்ணிக்கை மாறியது, வேலி மாறியது, ஓரிடத்தில் ஓநாய் வந்து சேர்ந்தது.

முதலில், ஆடு ஏன் தட்டை என்பதைப் பார்த்துவிடலாம். மரம் மிச்சம் பிடிப்பதற்காக அல்ல. இந்த ஆடுகள் இருக்கும் வகுப்பறையில் இன்னொரு அலமாரியில் இயேசுவின் கடைசி இராவுணவு இருக்கிறது. அங்கே இயேசுவும் சீடர்களும் முழு உருவச் சிலைகள், எந்தப் பக்கம் திருப்பினாலும் உடம்பு தெரியும். நடந்ததாக நற்செய்தி சொல்கிற நிகழ்வுகள் எல்லாம் அந்த அறையில் முழு உருவத்தில் இருக்கும். இயேசு கதையாகச் சொன்ன உவமைகள் எல்லாம் தட்டையாக இருக்கும். இந்த வேறுபாட்டை ஆசிரியை வாய் திறந்து சொல்வதில்லை. பிள்ளையின் விரல் அதைத் தெரிந்துகொள்கிறது. எது நிகழ்ச்சி, எது உவமை என்று பெரியவர்களுக்கே குழப்பம் வரும் விஷயத்தை, கனத்தையும் தட்டையையும் வைத்துப் பிரித்துக் காட்டிய மூளை ஒரு நாளில் உருவானதல்ல. அதன் பூர்வீகம் ஒரு குடிசைப் பகுதியில் தொடங்குகிறது.

சிலுவையை வேண்டாமென்ற பிள்ளை

1907 ஜனவரி 6. ரோம் நகரத்தின் சான் லொரென்சோ பகுதியில், ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றின் தரைத்தளத்தில் மரியா மாண்டிசோரி தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அவர் மருத்துவர். மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளோடு வேலை செய்துவிட்டு வந்தவர். பிள்ளைக்குப் பாடம் நடத்துவதைவிடப் பிள்ளையைக் கவனிப்பதுதான் முதல் வேலை என்ற மருத்துவரின் பழக்கத்தை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். கண்ணால் கண்டதைக் குறித்துவைத்தார்.

அப்படிக் குறித்ததில் ஒன்று. நன்றாக நடந்துகொண்ட ஒரு பிள்ளைக்கு வெள்ளை நாடாவில் கோத்த வெள்ளிச் சிலுவை பரிசு. குறும்பு செய்த இன்னொரு பிள்ளையை அறையின் நடுவே நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறார்கள். பரிசு வாங்கியவன் தன் வேலையில் மும்முரமாகப் பொருள்களைத் தூக்கிக்கொண்டு போய் வருகிறான். சிலுவை கழன்று விழுகிறது. தண்டனையில் இருப்பவன் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான், நான் போட்டுக்கொள்ளட்டுமா என்கிறான். பரிசு வாங்கியவனுக்கோ, வேலையைக் கெடுக்காதே என்கிற அவசரம். போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டுப் போகிறான். பரிசு பெரியவர்களுக்குத்தான் பெரிது, வேலையில் மூழ்கிய பிள்ளைக்கு அது இடைஞ்சல் என்று மாண்டிசோரி முடிவுக்கு வந்தார்.

இன்னொரு நாள், நான்கு மாதக் கைக்குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குள் வந்தார். இந்தக் குழந்தை எவ்வளவு அமைதியாக இருக்கிறது, உங்களால் இப்படி இருக்க முடியுமா என்று பிள்ளைகளைக் கேட்டார். பிள்ளைகள் அப்படியே அசையாமல் உட்கார்ந்துவிட்டார்கள். கட்டாயப்படுத்தாமல், தாங்களே விரும்பி. மௌன விளையாட்டு என்று பெயர் பெற்ற பயிற்சி அங்கேதான் பிறந்தது. கோயிலில் பெரியவர்கள் தேடுகிற அதே அமைதியைப் பிள்ளைகள் விளையாட்டாகவே அடைய முடியும் என்பது கத்தோலிக்கரான மாண்டிசோரிக்குப் பெரிய செய்தி.

அடுத்து பார்சிலோனா. 1915இல் அங்கே போன மாண்டிசோரி, கட்டலோனிய நிர்வாகத்தின் ஆதரவோடு மாதிரிப் பள்ளி நடத்தினார். அதில் பிள்ளைகளுக்கென்று ஒரு சின்ன வழிபாட்டு அறையும் வந்தது. பிள்ளைகள் உயரத்துக்கு நாற்காலி, கைக்கு எட்டும் தண்ணீர்த் தொட்டி, கண்ணுக்கு நேரே படம். தோட்டத்தில் பிள்ளைகள் கோதுமை விதைத்தார்கள், திராட்சைக் கொடி நட்டார்கள். அறுவடையான கோதுமையும் திராட்சையும் வழிபாட்டுக்குரிய அப்பமும் இரசமுமாக மாறுவது வரைக்கும் கூட இருந்து பார்த்தார்கள். வேதக் கேள்வி பதில்களை உருப்போடுவதுதான் மறைக்கல்வி என்றிருந்த காலத்தில் இது தலைகீழ்ப் பாடம். அந்த அறைக்கு அவர் வைத்த பெயர் ஏட்ரியம். பழைய கிறித்தவப் பேராலயங்களில், ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர்கள் கூடியிருந்த முன்முற்றத்தின் பெயர் அது. 1922இல் இந்த அனுபவத்தைப் புத்தகமாக்கினார், 1932இல் திருப்பலியைப் பிள்ளைகளுக்கு விளக்கும் நூலையும் எழுதினார்.

1936இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. மாண்டிசோரி பார்சிலோனாவை விட்டு வெளியேறினார். மர ஆடு அதுவரை பிறக்கவில்லை. அதன் எலும்பு மட்டும் தயாராகிவிட்டது: பிள்ளை அளவுக்கு அறை, கையால் தொட்டுப் பழகும் பொருள், பரிசில்லாத வேலை, மௌனம்.

அடையாறுக்கு வந்த பாதி

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடமுண்டு. 1939 நவம்பரில், பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பில் மாண்டிசோரி தன் மகன் மரியோவோடு சென்னை அடையாறுக்கு வந்தார். முதல் பயிற்சி வகுப்பிலேயே சுமார் 300 பேர். அவர் இத்தாலிய மொழியில் பேசப் பேச, மரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். மறு ஆண்டு ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், எதிரி நாட்டவர் என்று மரியோவை ஆங்கில அரசு காவலில் வைத்தது. மாண்டிசோரியின் நடமாட்டத்துக்கும் கட்டுப்பாடு. ஆகஸ்ட் 31 அன்று அவருக்கு எழுபதாவது பிறந்தநாள். அதையொட்டி மகனை விடுவித்தார்கள். பிறகு கொடைக்கானலில் சில ஆண்டுகள். மலையில் பிள்ளைகளோடு செடி, பூச்சி, பாறை என்று அலைந்த அந்த நாள்களில்தான், பிரபஞ்சம் முழுவதையும் ஒரே கதையாகப் பிள்ளைக்குக் காட்டும் கல்விச் சிந்தனை அவரிடம் முழு வடிவம் பெற்றது.

நம் ஊரில் மாண்டிசோரி என்றால் இன்றும் நினைவுக்கு வருவது இளஞ்சிவப்புக் கோபுரம், எண் கோல்கள், மணிச் சரங்கள். மதம் கடந்த ஒரு சபையின் வளாகத்தில், எல்லா மதத்துப் பிள்ளைகளுக்குமான ஆசிரியர்களை உருவாக்க வந்தவர் எடுத்துக்காட்டியது அந்தப் பாதியைத்தான். பார்சிலோனாவின் கோதுமை வயலும் ஏட்ரியமும் அந்தப் பள்ளிகளின் அடையாளமாகவில்லை. அந்த மறுபாதியை எடுத்து வளர்த்தவர் மாண்டிசோரியிடம் படித்தவரே அல்ல.

எபிரேய அறிஞரின் வீடு

சோஃபியா கவல்லெத்தி 1917இல் ரோமில் பிறந்தவர். எபிரேயமும் ஒப்பீட்டுச் செமித்திய மொழிகளும் படித்தவர். ரோமின் தலைமை ரபியாக இருந்து பின்னர் கத்தோலிக்கரான யூஜெனியோ சோல்லியின் மாணவி. வேதாகமத்தின் மூல மொழியில் மூழ்கிக்கிடந்த அவருக்குப் பிள்ளைகளோடு பழக்கம் கிடையாது. 1954இல் தெரிந்தவர் ஒருவர், என் ஏழு வயது மகனுக்குக் கொஞ்சம் வேதம் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டபோது முதலில் தயங்கினார். பிறகு ஒத்துக்கொண்டு, வேதாகமத்தைத் திறந்து ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்திலிருந்து தொடங்கினார். இரண்டு மணி நேரம் போனது தெரியவில்லை. கிளம்பும் நேரம் வந்ததும் பையனின் கண்ணில் நீர், போக மனமில்லை. கவல்லெத்தியின் மீதி வாழ்நாளை அந்தக் கண்ணீர் தீர்மானித்துவிட்டது.

அவரோடு சேர்ந்துகொண்டவர் ஜியன்னா கொப்பி, மாண்டிசோரி முறையில் ஊறிய ஆசிரியை. ஒருவரிடம் வேதம், இன்னொருவரிடம் கைவண்ணம். ரோமில் ஓர்சினி தெருவில் இருந்த கவல்லெத்தியின் வீட்டிலேயே ஏட்ரியம் அமைந்தது. இருவரும் பொருள்களைச் செய்து அலமாரியில் வைப்பார்கள், பிள்ளைகள் எதைத் தேடிப் போகிறார்கள் என்று பார்ப்பார்கள். பிள்ளைகள் ஒருமுறை தொட்டுவிட்டு மறந்த பொருள் அலமாரியிலிருந்து இறங்கிவிடும். மறுபடி மறுபடி எடுக்கிற பொருள் தங்கும். பொருள் எவ்வளவு அழகு, செய்ய எத்தனை நாள் பிடித்தது என்பதெல்லாம் கணக்கில் வராது. பிள்ளைகள் வரைந்த படங்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்துவைத்துப் படித்தார்கள். இந்தச் சல்லடையில் தப்பிப் பிழைத்தவற்றில் முதன்மையானது நல்ல மேய்ப்பரும் அவர் ஆடுகளும். அந்த முறைக்கே நல்ல மேய்ப்பர் மறைக்கல்வி என்று பெயர் நிலைத்தது அதனால்தான்.

அந்த ஆடுகளைக் கையாளும் விதத்தைக் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். ஆசிரியை தரையில் அல்லது சின்ன மேசையில் பலகையை வைக்கிறார். உவமையை வேதாகமத்தில் உள்ளபடி, சுருக்கமாக, நிறுத்தி நிறுத்திச் சொல்கிறார். மேய்ப்பர் தன் ஆடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்னும் இடத்தில் வேலியின் வாசல் திறக்கிறது. மேய்ப்பர் முன்னே நகர்கிறார். ஆடுகளை ஒரே வாரலாக அள்ளிப் போடுவதில்லை. ஒவ்வோர் ஆடாக, இரண்டு விரலால், அவசரமில்லாமல் நகர்த்துகிறார். பிள்ளைகளின் பார்வை ஆட்டோடு போகிறது. கதை முடிந்ததும் சில கேள்விகள். இந்த மேய்ப்பருக்கு ஆடுகள் மேல் எவ்வளவு பிரியம் இருக்கும்? இந்த ஆடுகள் யாராக இருக்கும்?

கேட்டுவிட்டு ஆசிரியை பேசாமல் இருக்கிறார். நீங்கள்தான் அந்த ஆடுகள் என்று சொல்வதில்லை. சில பிள்ளைகள் அன்றே கண்டுபிடிக்கும். சில பிள்ளைகளுக்கு மாதக்கணக்கு ஆகும். அதுவரை அந்தப் பொருள் அலமாரியில் இருக்கும், பிள்ளை வேண்டும்போது எடுத்துத் தானே நகர்த்திப் பார்க்கும். கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால், ஆமாம் சரி என்று கைதட்டுவதும் கிடையாது.

வயதை வைத்தும் கணக்குப் போட்டார் கவல்லெத்தி. ஆறு வயதுக்குள் பிள்ளைக்கு வேண்டியது காக்கும் அன்பு. அதனால் பெயர் சொல்லிக் கூப்பிடும் மேய்ப்பரே முன்னால் நிற்கிறார், அதே உவமையில் வரும் ஓநாயையும் கூலிக்காரனையும் அவர் பின்னுக்குத் தள்ளினார். ஆறு வயதுக்கு மேல் சரி தவறு பற்றிய விசாரம் தொடங்கும்போது, காணாமல்போன ஆட்டைத் தேடிப் போகிற மேய்ப்பர் வருகிறார். வளரிளம் பருவத்தில் முன்னால் நடந்து வழிகாட்டுகிற தலைவர். உவமை ஒன்று, மேய்ப்பர் ஒருவர், பிள்ளையின் மனப் பருவத்துக்கேற்ப வேறு வேறு முகம். ஒவ்வொரு வயதிலும் பிள்ளையின் மனம் ஒவ்வொன்றுக்குத் திறக்கும் என்று மாண்டிசோரி சொன்ன உணர்திறன் பருவங்களை இறையியலுக்குள் கொண்டுவந்த இடம் இதுதான்.

இதற்குப் பிந்தைய பாடத்தில் இன்னொரு பலகை. அதில் வேலிக்கு நடுவே சின்னப் பலிபீடம். ஆடுகள் பலிபீடத்தைச் சுற்றி வந்து நிற்கின்றன. மேய்ப்பர் உருவத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அப்பமும் கிண்ணமும் வைக்கிறார்கள். பிறகு ஆடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வோர் ஆட்டின் இடத்திலும் ஒரு மனித உருவத்தை வைக்கிறார்கள். பெண், கிழவர், பையன், கடைசியில் குருவானவர். முதல் பாடத்தில் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி இங்கே பிள்ளையின் கண் முன்னால் தானாக அவிழ்கிறது. கத்தோலிக்கப் பிள்ளை புதுநன்மைக்கு ஆயத்தமாகும் பாதையில் இந்தப் பலகைக்கு முக்கிய இடம் உண்டு.

புரிகிறதா, இல்லையா?

ஆடுகள் ரோமில் மேய்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், இங்கிலாந்தில் ஒரு புத்தகம் வேறு கேள்வியைக் கிளப்பியது. ரொனால்ட் கோல்ட்மன் என்ற கல்வியாளர், ழான் பியாஜேயின் அறிவு வளர்ச்சிப் படிநிலைகளை வைத்துப் பிள்ளைகளைச் சோதித்தார். எரியும் முட்செடி, செங்கடலைக் கடப்பது, இயேசுவுக்கு வந்த சோதனை என்று மூன்று வேதாகமக் கதைகளைச் சொல்லிக் கேள்வி கேட்டார். சின்னப் பிள்ளைகள் உருவகத்தைச் சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள், பதின்பருவம் தொடங்கும்வரை அந்தக் கதைகளின் உட்பொருள் பிடிபடுவதில்லை என்பது 1964இல் வெளியான அவருடைய முடிவு. புரியாத வயதில் வேதாகமத்தைத் திணித்தால் பின்னால் அதையே தூக்கி எறிவார்கள் என்று எச்சரித்தார். இங்கிலாந்துப் பள்ளிகளின் சமயக் கல்விப் பாடத்திட்டத்தை அந்தப் புத்தகம் உலுக்கியது.

இத்தனைக்கும் பியாஜே ஒரு காலத்தில் சுவிட்சர்லாந்து மாண்டிசோரி சங்கத்தின் தலைவராக இருந்தவர். ஒரே வேரிலிருந்து இரண்டு பதில். பிள்ளைக்கு உவமை புரியாது என்றது ஒன்று. பிள்ளையிடம் வாய்மொழி விளக்கம் கேட்காதே, கையில் கொடுத்துப் பார் என்றது மற்றது.

1978இல் உளவியலாளர் மார்கரெட் டொனால்ட்சன் எழுதிய புத்தகம் இந்த வழக்கில் புதிய சாட்சி. பியாஜேயின் சோதனைகளில் பிள்ளைகள் தோற்பது பல நேரம் அறிவுக் குறைவால் அல்ல, கேள்வி அவர்களுக்கு அர்த்தமில்லாமல் இருப்பதால்தான் என்று காட்டினார். இரண்டு வரிசையில் சம எண்ணிக்கையில் வில்லைகளை அடுக்கி, பெரியவர் ஒரு வரிசையைக் கலைத்துவிட்டு, இப்போது எது அதிகம் என்று கேட்டால் பல பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். அதே வரிசையைக் குறும்புக்காரக் கரடிப் பொம்மை ஒன்று வந்து கலைத்துவிட்டுப் போனால் அவர்களில் நிறையப் பேர் சரியாகச் சொல்கிறார்கள். கதைக்குள் வந்துவிட்ட கேள்வி பிள்ளைக்குப் புரிகிறது. கோல்ட்மன் கேட்டது கதைக்கு வெளியே நின்று. ஆட்டைக் கையில் வைத்திருக்கும் பிள்ளை கதைக்கு உள்ளே இருக்கிறது.

பரிசு பற்றி மாண்டிசோரி கண்ணால் கண்டதற்கும் ஆய்வகச் சான்று வந்தது. 1973இல் உளவியலாளர் மார்க் லெப்பரும் அவர் கூட்டாளிகளும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பாலர் பள்ளியில், படம் வரைய ஆசைப்படுகிற பிள்ளைகளைப் பிரித்து, ஒரு குழுவிடம் மட்டும் வரைந்தால் தங்க முத்திரையும் நாடாவும் ஒட்டிய சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். அந்தக் குழு பரிசு வாங்கியது. சில நாள் கழித்துப் பார்த்தால், ஓய்வு நேரத்தில் அவர்கள் வரைகிற நேரம் மற்றவர்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறையப் பாதி. வேதவசனம் ஒப்புவித்தால் ஸ்டிக்கர், வருகைக்கு நட்சத்திரம், ஆண்டு முடிவில் பரிசளிப்பு விழா என்று நடக்கிற எந்த ஞாயிறு பள்ளியும் நின்று யோசிக்க வேண்டிய முடிவு இது. வசனம் மனதில் தங்கலாம். வசனத்தின் மேல் இருந்த ஆசை போய்விடலாம்.

தங்கப் பெட்டிக்குள்

1971இல் அமெரிக்கர் ஒருவர் இத்தாலியின் பெர்காமோ நகரத்துக்கு மாண்டிசோரி பயிற்சிக்கு வந்தார். ஜெரோம் பெரிமன், கேன்சஸ் மாநிலத்தின் ஆஷ்லாந்து என்ற சின்ன ஊரில் பிறந்தவர், பிரின்ஸ்டனில் இறையியல் படித்தவர். பெர்காமோவில் படிக்கும் காலத்தில் கவல்லெத்தியின் பணி அவருக்கு அறிமுகமானது. ஊர் திரும்பியதும் ஹூஸ்டன் நகரத்தில் பிள்ளைகளுக்கான மருத்துவமனைப் பணியிலும், பின்னர் அந்நகரின் கிறிஸ்து பேராலயத்திலும் ஆடுகளைத் தன் போக்கில் மாற்றி மாற்றிப் பார்த்தார். 1991இல் வந்த அவருடைய புத்தகத்தின் பெயரே அந்த முறையின் பெயராயிற்று: காட்லி ப்ளே, இறைவனோடு விளையாடுதல் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆடு இங்கே தங்க நிறப் பெட்டிக்குள் போனது. உவமை விலைமதிப்புள்ளது, பரிசாகக் கிடைத்தது, சில நேரம் மூடிய கதவு மாதிரி திறக்காமலும் இருக்கும். இந்த மூன்றையும் பிள்ளைக்குச் சொல்ல ஒரு பெட்டியும் மூடியும் போதும் என்று பெரிமன் கருதினார். மூடியைத் திறந்தால் முதலில் வருவது ஆடல்ல, மடித்துவைத்த பச்சைத் துணி. இது என்னவாக இருக்கும் என்று வியந்தபடியே கதைசொல்லி அதை விரிக்கிறார். நீலத் துண்டு ஒன்று, கருத்த துண்டுகள் சில, பழுப்பு நிறப் பட்டைகள். பட்டைகளை அடுக்கினால் கிடை. நீலம் தண்ணீர். கருப்பு, ஆபத்தான இடங்கள். மர வேலி போய்த் துணி வேலி வந்துவிட்டது. அதனால் பிள்ளை தன் கிடையைத் தானே கட்டலாம், கலைக்கலாம்.

ரோமில் பின்னுக்குப் போன ஓநாய் ஹூஸ்டனில் முன்னால் வந்தது. கூடவே ஓடிப்போகிற சாதாரண மேய்ப்பனும். மருத்துவமனையில் பெரிமன் கண்ட பிள்ளைகளுக்கு ஓநாய் புதிதல்ல. சாவு, தனிமை, வாழ்வின் பொருள், சுதந்திரம் தரும் அச்சம் என்று மனிதனின் நான்கு எல்லைகளை இருத்தலிய உளவியல் பேசுகிறது. பிள்ளைகளும் அந்த எல்லைகளில் வந்து முட்டுகிறார்கள், பேசச் சொல் இல்லாததால் பெரியவர்களுக்குத் தெரிவதில்லை என்றார் அவர். கருப்புத் துண்டின் மேல் ஆட்டைக் கொண்டுபோய் நிறுத்தும் பிள்ளை தன் பயத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமலே பேசிவிடுகிறது. வளர்ச்சிப் பருவத்தைப் பார்த்துக் கவல்லெத்தி ஓநாயைத் தள்ளிவைத்தார், பிள்ளையின் துயரத்தைப் பார்த்துப் பெரிமன் அழைத்துவந்தார். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. எந்தப் பிள்ளை எதிரே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் முடிவு சொல்ல முடியும்.

கதை சொல்லும்போது கதைசொல்லி பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதில்லை, ஆடுகளையே பார்க்கிறார். அவர் கண் போகிற இடத்துக்குத்தான் பிள்ளைகளின் கண்ணும் போகும். முகத்தைப் பார்த்துச் சொன்னால், அவருக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்று பிள்ளை அவர் முகத்தில் தேடத் தொடங்கிவிடும். கதைக்குப் பின் வண்ணமும் களிமண்ணும் மரப் பொருள்களும் எடுத்து அவரவர் விருப்ப வேலை. பிறகு வட்டமாக உட்கார்ந்து சிற்றுண்டி, ஆசீர்வாதம், விடை. மொத்த வகுப்பும் ஆராதனையின் ஒழுங்கிலேயே ஓடுகிறது.

பட்டறையும் பட்டியலும்

ஆடு பரவத் தொடங்கியதும் அதை யார் செய்வது என்ற கேள்வி வந்தது. கவல்லெத்தியின் வழியில் வந்தவர்கள், ஆசிரியை தன் கையாலேயே செய்ய வேண்டும் என்று இன்றும் வற்புறுத்துகிறார்கள். பலகையை அறுத்து, தேய்த்து, வண்ணம் பூசி முடிக்கும்போது அந்த உவமை அவருக்குள் இறங்கியிருக்கும், அவசரமும் அடங்கியிருக்கும். பெரிமனின் வழி வேறு. அவர் பிறந்த ஆஷ்லாந்திலேயே ஒரு பட்டறை எழுந்தது, பட்டியலைப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம். ஜெர்மனியின் லைப்சிக் நகரில், மாற்றுத்திறனாளிகள் வேலை செய்யும் திருச்சபைப் பட்டறை இந்தப் பொருள்களைச் செய்து தருகிறது. பின்லாந்தின் லூத்தரன் சபைகள் வரை பெட்டி போயிருக்கிறது. அன்னை தெரசாவின் அன்பின் பணியாளர் சபைச் சகோதரிகளும் கவல்லெத்தியின் முறையில் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். பட்டறை வந்ததால் பெட்டி வேகமாகப் பரவியது. கூடவே, நல்ல மரத்தில் நல்ல செட் வாங்கினால்தான் வகுப்பு நடக்கும் என்ற நினைப்பும் பரவியது.

குறை சொல்கிறவர்களும் உண்டு. கதையைச் சொல்லிவிட்டு முடிவை விட்டுவிட்டால் கோட்பாடு எப்போது கற்பிப்பது என்று சிலர் கேட்கிறார்கள். மனந்திரும்புதலுக்கு அழைப்பு எங்கே என்று சிலர். எதிர்த்திசையிலிருந்தும் கேள்வி வருகிறது: எந்தக் கதை, எந்த மேய்ப்பர், வேலி எந்த வடிவம் என்பதையெல்லாம் பெரியவர் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டுப் பிள்ளை தானே கண்டுபிடிக்கிறது என்று சொல்வது எவ்வளவு உண்மை? இந்தக் கடைசிக் கேள்வி நியாயமானது. கவல்லெத்தி இதை மறைக்கவுமில்லை. தான் செய்வது நற்செய்தி அறிவிப்பு, நடுநிலை விளையாட்டல்ல என்பதில் அவர் தெளிவாக இருந்தார். அறிவிப்பது பெரியவரின் உரிமை, அதற்கு என்ன பதில் சொல்வதென்பது பிள்ளையின் உரிமை. மர ஆடு இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் எல்லையைப் போடுகிறது. அந்த எல்லையைப் பெரியவர் தாண்டாதவரைக்கும்தான் அது பாடப் பொருள். தாண்டிவிட்டால் அது பொம்மைதான்.

நம் ஞாயிறு பள்ளிகளிலும் மறைக்கல்வி வகுப்புகளிலும் நாற்பது பிள்ளைகளுக்கு ஓர் அக்கா, ஆராதனை முடிவதற்குள் பாடத்தை முடிக்க வேண்டிய நெருக்கடி. ஏட்ரியத்துக்கு அறை இல்லை, தங்கப் பெட்டிக்குப் பணம் இல்லை. கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஆடு வெட்டலாம், அது பெரிய விஷயமல்ல. பார்சிலோனாவில் கோதுமை, ரோமில் மரம், ஹூஸ்டனில் துணி என்று இந்த முறையே இடத்துக்கேற்ற பொருளைத்தான் எடுத்துக்கொண்டது. கடினமானது வேறு. ஆகவே பிள்ளைகளே, இந்தக் கதையிலிருந்து நாம் கற்றுக்கொள்வது என்னவென்றால் என்று தொடங்கும் அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் விட வேண்டும். கேள்வியைக் கேட்டுவிட்டு, யாரும் பதில் சொல்லாத அந்த அரை நிமிடத்தைத் தாங்க வேண்டும். பிள்ளை நாம் எதிர்பாராத பதிலைச் சொன்னால் திருத்தாமல் கேட்க வேண்டும். பட்டியலைப் பார்த்து ஆட்டை வாங்கலாம், இதை வாங்க முடியாது. பயிற்சி வேண்டியது பிள்ளைகளுக்கல்ல, அக்காவுக்குத்தான்.